ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக் ரிசெப்ஷனில் இருந்தவருக்கு

2020 மார்ச் கடைசி, கொரோனா நேரம். லண்டன் ஈஸ்ட்ஹாமில் அம்மாவின் ஜிபி கிளினிக்கில், டாக்டரிடம் முதலில் போனில்தான் பேச முடியும் என்றாகிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், ஆங்கிலமும் வராது. நான் லெஸ்டரில்.

இன்சுலினுக்கு அம்மா இன்னும் கேட்கவில்லை என்பதைக் கவனித்து, நீங்களாகவே என்னை அழைத்தீர்கள். மருந்துக்கடையில் பேசி, ஒரு தன்னார்வலர் மூலம் வாசலுக்கே அனுப்பிவைத்தீர்கள். அப்புறம் 2021 ஜனவரியில், எண்பது வயது தாண்டியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது, மொழிபெயர்ப்பாளரையும் இணைப்பில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் பொறுமையாக விளக்கினீர்கள். அவசரமே காட்டவில்லை.

டாக்டரைப் பார்க்க விடவில்லை என்று எத்தனையோ பேர் உங்களைப் போன்றவர்களிடம்தான் கத்தினார்கள். அது பெரிய அநியாயம்.

அம்மா நலமாக இருக்கிறார். உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஈஸ்ட்ஹாம் பக்கம் இருப்பவர்கள் இதைப் பகிருங்கள், அவர் கண்ணில் படட்டும். மிக்க நன்றி அக்கா.