செயலாளரின் ஆண்டறிக்கை: வாசகர் வட்டம், குமுளி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும். படிப்பார்கள் என்று நம்புவோம்.

ஜூன் 19 வாசிப்பு நாள், செப்டம்பர் 11 பாரதி நினைவு நாள், பொங்கல் விழா மூன்றும் வழக்கம்போல் நடந்தன. மண்டல காலத்தில் ஐயப்ப பக்தர்களின் வண்டி நெரிசலில் கம்பம், கூடலூர் உறுப்பினர்கள் மலை ஏறி வர முடியாததால் கார்த்திகை, மார்கழிக் கூட்டங்கள் இல்லை.

இனி இந்த ஆண்டின் முக்கியமான வேலை. ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையின் பதினான்கு தொகுதிகளையும், 2004இல் வந்த முன்கதையையும் நம் வட்டம் படித்து முடித்துவிட்டது. "இங்கிலீஷ் மாயாஜாலக் கதைக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். பாதியில் நிற்கும் வரிசையை நம் அலமாரியில் யாரும் தொடுவதில்லை. முழு செட்டாக இருந்தால்தான் புதிதாக ஒருவர் முதல் தொகுதியை எடுப்பார். முடித்துக் காட்டியதற்கு இதுவே காரணம்.

எழுதியவராலேயே முடிக்க முடியாத வரிசை இது. 1990இல் தொடங்கி, பதினோராவது தொகுதியை 2005இல் கொடுத்துவிட்டு, 2007 செப்டம்பரில் ஜோர்டன் காலமானார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், மீதியை எழுதி முடிக்கச் சொல்லி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனிடம் ஜோர்டனின் குறிப்புகளை ஒப்படைத்தார். ஒரே தொகுதி என்று நினைத்தது 2009, 2010, 2013 என மூன்றாக வளர்ந்தது. 1954இல் கல்கி மறைந்தபோது நின்றுபோன 'அமர தாரா'வை மகள் ஆனந்தி முடித்துக் கொடுத்ததை அறிந்த நமக்கு இது புதிதல்ல. கடைசிக் காட்சியை ஜோர்டன் முன்பே எழுதி வைத்திருந்தார். அங்கே நடை மாறுவது வாய்விட்டுப் படித்தால் காதிலேயே தெரியும். முடிவு என்ன என்பதை இங்கே எழுதவில்லை. அடுத்த அணி தொடங்க இருக்கிறது.

அவர்களுக்காகச் சில விவரங்கள். பெயர்கள் ஆயிரத்துக்கு மேல் வரும், நினைவை நம்ப வேண்டாம். நம் பெயரேட்டில் மூன்று கட்டம்: பெயர், எந்தத் தரப்பு ஆள், கடைசியாகப் பார்த்த தொகுதியும் அத்தியாயமும். மூன்றாவது கட்டம்தான் உயிர். முக்கியப் பாத்திரங்களே காணாமல் போவார்கள்: ஐந்தாம் தொகுதியில் பெரின் வரவே மாட்டான், எட்டாவதில் மாட் கிடையாது. ஒரு தொகுதி தள்ளி அவர்கள் திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பலருக்குச் சலித்துப் போகிறது. ஆட்கள் அதிகம் கழல்வது பத்தாவதில். அதில் பெரும்பகுதி ஒன்பதாவதின் முடிவில் நடக்கும் பெரிய சம்பவத்தின் அதே நேரத்தில் வேறு வேறு இடங்களில் நடப்பது. அதனால் கதை நகராதது போல இருக்கும். அதை அத்தியாயம் அத்தியாயமாக விவாதித்தால் கூட்டமே கலைந்துவிடும். பாத்திரத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் சுருக்கம் சொன்னால் போதும். பதின்மூன்றாவதில் பெரினின் கதை பன்னிரண்டாவதின் முடிவுக்கு முன்னால் நடப்பது. இதைச் சொல்லி வைக்காவிட்டால், டாம் அல்தோர் என்ற பாத்திரம் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் எப்படி இருக்கிறது என்ற சண்டை தவறாமல் வரும். பதினான்காவதின் 37ஆம் அத்தியாயம் மட்டுமே ஏறக்குறைய இருநூறு பக்கம். காட்சி மாறும் இடங்களில் சீட்டு வைத்துப் பிரித்துப் படிக்கவும்.

புத்தகங்களைப் பற்றி. இந்தக் கனமான பேப்பர்பேக்குகள் முதல் வாசிப்பிலேயே முதுகு விரிந்துவிடும். அப்படியே ஒட்டினால் மறுபடி அதே இடத்தில் விரியும். எனவே நடுவில் ஓர் அத்தியாய முடிவு பார்த்து இரண்டாகப் பிரித்தோம். முதுகிலுள்ள பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, ரம்பத்தால் ஐந்து இடத்தில் மெல்லிய வெட்டுப் போட்டு, அதில் நூலைப் பதித்து ஃபெவிகால் தடவி, மேலே மல் துணி ஒட்டிச் செங்கல் பாரம் வைத்தோம். பசையில் தண்ணீர் கலந்தால் தாள் அலை அலையாகச் சுருங்கிவிடும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையில் ஓர் இரவில் காயாது, இரண்டு நாள் விட வேண்டும். அட்டை ஒட்டும் மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்காவிட்டால் பூச்சி அரித்துவிடும். இரண்டாகப் பிரித்ததில் இன்னொரு லாபம்: முன்பாதியை ஒருவரும் பின்பாதியை ஒருவரும் ஒரே நேரத்தில் படிக்கலாம்.

ஆனால் எடுத்த பாதி திரும்பி வர வேண்டும். ஒன்பதாம் தொகுதியின் பின்பாதி, மேலே சொன்ன அந்தப் பெரிய சம்பவம் உள்ள பாதி, ஓணத்துக்கு முன்பு போனது இன்னும் வரவில்லை. பெயரைச் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். நேரில் வர முடியாவிட்டால் யாரிடமாவது கொடுத்தனுப்பினாலும் சரி.

வருகை பற்றிச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஏலக்காய் எடுப்புக் காலத்தில் தோட்டத்து ஆட்கள் வர முடியாது, அது நியாயம். மற்ற மாதங்களிலும் அதே நாற்காலிகள்தான் காலி. கடைசித் தொகுதிக் கூட்டத்துக்கு வராமல் "முடிவு என்னாச்சு?" என்று போனில் கேட்டவர்களில் சந்தா பாக்கிக்காரர்களும் உண்டு. பாக்கிப் பட்டியல் நீளம். படித்தால் தேநீர் ஆறிவிடும் என்பதால் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். புத்தகம், பைண்டிங் சாமான், தேநீர் ஆகியவையே பெரிய செலவுகள். விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். இடம் கொடுத்த கட்டட உரிமையாளருக்கும், ரம்பம் இரவல் தந்த தச்சருக்கும், நிர்வாகக் குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இரண்டாம் அணி முதல் தொகுதியிலிருந்து தொடங்கும். பெயரேடு தயார். அதை எழுதிப் பராமரிக்கவும், செயலாளர் பொறுப்பை ஏற்கவும் இளையவர் யாராவது முன்வந்தால் அலமாரிச் சாவி இன்றே கைமாறும். யாரும் வராவிட்டால் என்ன நடக்கும் என்பது உறுப்பினர்களுக்குத் தெரிந்ததே. சித்திரை இரண்டாம் ஞாயிறு மாலை 4 மணிக்கு முதல் கூட்டம். முதல் தொகுதியின் இரு பாதிகளும் மேசையில் இருக்கும். சந்தா ரசீதைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்