அப்பா கேட்ட தூரக் கணக்கு

டொராண்டோ,
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். இங்கு நான் நலம். அங்கு அனைவர் நலமும் அறிய ஆவல். போனில் இரண்டு நிமிடம் பேசுவதைக் கணக்கிலேயே சேர்க்காத தங்களுக்கு நான்கு மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன். திட்டுதான் இருக்கும் என்று கடிதத்தைப் பிரித்தால், கூடத்துச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் நூல் பிடித்து, சென்னையிலிருந்து அரபிக் கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் வழியாக டொராண்டோவுக்குத் தூரம் அளந்து, சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படம் தட்டையாக இருப்பதால் வந்த பிழை அது. பள்ளிக்கூடத்து பூகோள உருண்டையில் அதே நூலை இழுத்துப் பிடித்தால், அது ரஷ்யாவின் மேலேறி, கிரீன்லாந்தைக் கடந்து, வடக்கிலிருந்து இங்கே இறங்கும். அந்த வழியில் சுமார் 13,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லாததால் நான் லண்டனில் மாறி வந்தேன். லண்டன் வரை ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர், பத்தரை பதினொரு மணி நேரம். அங்கிருந்து இங்கே 5,700 கிலோமீட்டர், எட்டு மணி நேரம். திரும்பும்போது உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் அட்லாண்டிக்கை ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் கடந்துவிடலாம். சென்னையில் இறங்கி, கும்பகோணம் வரையுள்ள 300 கிலோமீட்டருக்கும் அதே ஏழு மணி நேரம் ஆகிறதே, அதை என்ன சொல்வது!

கீழ்வீட்டுப் பெரியவர், அட்லாண்டிக் நடுவில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுக்காரர், மைனஸ் 15 குளிரிலும் பால்கனியில் நின்று, இறங்கும் விமானங்களை நோட்டில் குறித்துக்கொள்கிறார். என்னைக் கண்டால், "உங்கள் ஊர் விமானம் இன்று இருபது நிமிடம் தாமதம்" என்பார். அவர் சொல்வது லண்டன் விமானத்தை, நான் திருத்துவதில்லை. போகியன்று இரவு எட்டு மணிக்குத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது மேலே ஒன்று இரைந்துகொண்டு போனது. அங்கே பொங்கல் காலை ஆறரை. அம்மா பானையில் மஞ்சள் கொத்துக் கட்டிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியதும் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு சாப்பிட்டேன், கவலை வேண்டாம்.

வைகாசியில் பாப்பா கல்யாணத்துக்குப் பத்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். போகவர மூன்று நாள் கழியும். டிக்கெட் இன்னும் எடுக்காதது விலை இறங்கட்டும் என்றுதான். இந்த மாதப் பணம் வங்கியில் ஏதோ தாமதம். மாதக் கடைசிக்குள் வந்துவிடும். மண்டபத்துக்காரரிடம் அதுவரை தவணை சொல்லுங்கள். சித்தப்பாவிடம் வரப்பு விஷயத்தை நான் வரும்வரை எடுக்க வேண்டாம். பத்திரிகையில் அவர் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதன்பின் வித்தியாசம் பத்தரை அல்ல, ஒன்பதரை மணி நேரம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். என்னை அழைத்துவர மாமா சென்னைக்குக் கார் எடுத்து வர வேண்டாம். ரயிலிலேயே வந்துவிடுகிறேன்.

தங்கள் அன்பு மகன்