போமற் அடிக்க முன் காரணத்தைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக் கணினியில் திடீரென்று இணையம் நின்றுவிட்டால் எங்கள் பக்கத்தில் நடப்பது என்னவென்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியாததில்லை. வீட்டில் யாராவது ஒருவர் "வைரஸ் வந்திட்டுது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெட்டியைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் வைத்து ரவுணுக்குக் கொண்டுபோவார்கள், கடையில் இருக்கும் தம்பி போட்டும் பாராமல் "போமற் அடிச்சால் சரி அண்ணை, பின்னேரம் வாங்கோ" என்பார். பின்னேரம் போனால் இணையம் வேலை செய்யும், ஆனால் உள்ளே இருந்த ஒன்றும் இருக்காது, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் போமற். எல்லாக் கடைகளும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை, ஒரு பழுதான வயரை மணிக்கணக்காகத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு அதற்குக் காசு வேண்டாம் என்று சொன்ன பெடியனையும் எனக்குத் தெரியும். ஆனால் காரணமே பார்க்காமல் போமற் அடிப்பது இங்கே வழமையாகிவிட்டது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மானிப்பாயில் இருக்கும் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அரிசி மூட்டையோடு சேர்த்துக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்த குடும்பப் படங்கள் அவர்களிடம் இருந்தன. பாதியைக் கறையான் தின்ற பிறகு, மிஞ்சியதை மருமகன் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணினியில் போட்டு வைத்திருந்தான். ஒருநாள் குரோம் திறந்தால் ஒரு பக்கமும் வரவில்லை. அதே வைஃபையில் அத்தானின் போன் நன்றாக வேலை செய்கிறது, கணினியிலும் இணைப்பு இருக்கிறது என்றுதான் காட்டுகிறது, பக்கம் மட்டும் வரவில்லை. கனடாவில் இருக்கும் மகனுக்கு அனுப்புவதற்காக அத்தான் திரையைப் போனால் படம் எடுத்தார், அனுப்பியும் விட்டார், அங்கே நடுச்சாமம் என்பதால் பதில் வரவில்லை, பொறுமை இல்லாமல் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். கடையில் ஒரு வார்த்தை கேட்காமல் போமற் அடித்துவிட்டார்கள். படங்கள் எங்கே என்று அக்கா கேட்டதற்கு "டெஸ்க்ரொப்பில வைச்சால் போகும்தானே அன்ரி" என்று பதில்.

அத்தான் எடுத்த படம் எனக்கும் பிறகு காட்டப்பட்டது. அதில் குரோம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது, ப்ரொக்சி சேவையகத்தில், அதாவது கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகரில், ஏதோ பிழை அல்லது முகவரி தவறு என்று. அதற்கு முந்தின நாள்தான், விண்டோஸோடு வரும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளான டிஃபெண்டர் ஏதோ ஒன்றைப் பிடித்து அழித்ததாக அறிவிப்புக் காட்டியதாம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். விளம்பரம் திணிக்கிற சில தீய மென்பொருள்கள் கணினிக்குள் வந்ததும், இணையத்துக்குப் போகும் வழியைத் தங்களுக்கு ஊடாகத் திருப்பிவிடும், அதற்கு ப்ரொக்சி அமைப்பில் 127.0.0.1 என்ற முகவரியை எழுதிவைக்கும். அந்த முகவரி வேறு யாரும் இல்லை, அதே கணினிதான். பிறகு டிஃபெண்டர் வந்து அந்த மென்பொருளை அழிக்கிறது, ஆனால் எழுதிவைத்த முகவரி அப்படியே கிடக்கிறது. வரும் கடிதங்களை எல்லாம் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்து வீட்டார் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போன கதைதான். அதாவது இணையம் நின்றது வைரஸ் வந்ததால் அல்ல, வந்தது போனதால். விண்டோஸ் அமைப்புகளில் நெட்வேர்க் பகுதிக்குள் ப்ரொக்சி என்று ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே ப்ரொக்சி சேவையகத்தைப் பயன்படுத்தச் சொல்லும் பொத்தானை அணைத்தால் போதும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அக்கா வீட்டுப் படங்கள் போயின.

இது புதிய கதையும் இல்லை. டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீநிரல் ஒருகாலத்தில் 100க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகளில் புகுந்து, தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சேவையைத் தன் ஆட்களின் சேவையகங்களுக்குத் திருப்பிவிட்டது. 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐ அந்தக் கூட்டத்தைப் பிடித்தது. பிடித்த கையோடு அந்தச் சேவையகங்களை நிறுத்தியிருந்தால் அவ்வளவு பேருக்கும் ஒரே நாளில் இணையம் போயிருக்கும், ஆகவே நீதிமன்ற அனுமதியோடு மாற்றுச் சேவையகங்களை வைத்து ஓட்டினார்கள், 2012 ஜூலை 9 அன்றுதான் நிறுத்தினார்கள். அன்றுவரை திருத்தாமல் இருந்தவர்களுக்குத் திடீரென்று இணையம் இல்லை. அவர்களுக்கும் தேவைப்பட்டது அமைப்பைப் பழையபடி மாற்றுவது.

சரி, கடைக்குப் போக முதல் வீட்டிலேயே பார்க்கக்கூடியது என்ன? முதலில் அதே வைஃபையில் ஒரு போனை இணைத்து, போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். டேட்டாவை அணைக்காமல் பார்த்துவிட்டு "போனில வருகுது" என்று சொல்பவர்கள்தான் அதிகம். போனிலும் வரவில்லை என்றால் கணினியை விட்டுவிடுங்கள், பிழை அநேகமாக அதில் இருக்காது. ஃபைபர் இணைப்பு என்றால் ரவுட்டரில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னுகிறதா பாருங்கள், மின்னினால் ஒளி வந்து சேரவில்லை, வயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது, இணைப்புத் தந்தவர்களுக்குத்தான் அறிவிக்க வேண்டும். அறவே நிற்காமல் இழுத்து இழுத்து வருகிறது என்றால் மாத டேட்டா முடிந்திருக்கலாம். முடிந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுகிற பக்கேஜ்கள் பல இருக்கின்றன, மாதக் கடைசியில் மட்டும் "வைரஸ்" வருகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

போனில் வந்து கணினியில் வரவில்லை என்றால், விண்டோஸின் கமாண்ட் ப்ரொம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ping என்று அடித்து இடைவெளி விட்டு 8.8.8.8 என்று போடுங்கள். அது கூகிளின் டிஎன்எஸ் முகவரி. பதில் வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது, பிழை பிரவுசரிலோ ப்ரொக்சியிலோ டிஎன்எஸ்ஸிலோதான். எண்ணுக்குப் பதில் வந்து, ஒரு தளத்தின் பெயரைப் போட்டால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள், ரவுட்டரிலும் பாருங்கள், ஏனென்றால் ரவுட்டரை வாங்கிய நாளில் இருந்த கடவுச்சொல்லையே எங்களில் பலர் இன்னும் வைத்திருக்கிறோம், அதை வைத்து யாரும் உள்ளே புகுந்து டிஎன்எஸ்ஸை மாற்றிவிடலாம். கணினியின் ஐபி முகவரி, அதாவது வீட்டு வலையமைப்பில் அதற்கு உரிய எண், 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை, இரண்டையும் நிறுத்திப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, பழைய டெஸ்க்ரொப் வைத்திருப்பவர்களுக்கு. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் இணைப்புப் பாதுகாப்பானது அல்ல என்று பயமுறுத்துகிறதா? வலது பக்க மூலையில் திகதியைப் பாருங்கள். வருடம் பல ஆண்டுகள் பின்னால் நிற்கும். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போட்டில் சிஆர்2032 என்ற காசு அளவு பற்றரி ஒன்று இருக்கிறது, அது செத்துவிட்டால், கரண்ட் போகும்போதோ இரவில் சுவிச்சை அணைக்கும்போதோ நேரம் பழைய இடத்துக்குப் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு, கணினி தன்னை எட்டுப் பத்து வருடத்துக்கு முன்னால் இருப்பதாக நினைத்தால் எல்லாச் சான்றிதழும் பிழையாகத்தான் தெரியும். பற்றரியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இதற்கும் போமற் அடித்து, அடித்த பிறகும் அதே பிழை வர, "மதர்போட் பழுதாப் போயிட்டுது" என்று சொன்ன கதையும் உண்டு.

மூலையில் வந்து விழும் "உங்கள் கணினியில் வைரஸ்" அறிவிப்புகளில் பெரும்பாலானவை நீங்களே அனுமதித்தவை. படம் பார்க்கப் போன ஏதோ தளத்தில், ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி என்பதை அழுத்தச் சொல்லியிருப்பான், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். குரோம் அமைப்புகளில் அறிவிப்புகள் என்ற இடத்தில் அந்தத் தளத்தை நீக்கினால் போய்விடும். திரை முழுவதையும் மறைத்து, ஒரு தொலைபேசி எண்ணைப் போட்டு மைக்ரோசொஃப்ட் என்று சொன்னால் அது பொய், மைக்ரோசொஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை. அந்த எண்ணுக்குக் கோல் எடுத்துவிடாதீர்கள், தூரத்திலிருந்து உங்கள் கணினியை இயக்க விடும் எனிடெஸ்க் மென்பொருளைப் போடச் சொன்னால் போடாதீர்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதை நேரில் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

அப்படியென்றால் வைரஸே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ப்ரொக்சியை அணைத்து, கணினியை நிறுத்திப் போட்டதும் அது திரும்ப ஓன் ஆகியிருந்தால் ஆள் இன்னும் உள்ளேதான். டிஃபெண்டரை ஓன் செய்யவே முடியாமல் இருப்பது, மற்றத் தளங்கள் வந்து வைரஸ் எதிர்ப்புத் தளங்கள் மட்டும் வராமல் இருப்பது, நீங்கள் நிறுவாத ஒன்று தேடல் பக்கத்தை மாற்றுவது, இவையெல்லாம் நல்ல அறிகுறிகள் அல்ல. வீட்டுக் கணினியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று குரோம் காட்டினாலும் ஏன் என்று பாருங்கள், சில நல்ல மென்பொருள்களாலும் அப்படிக் காட்டும். அப்போது அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள், கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள், டிஃபெண்டரின் ஓஃப்லைன் ஸ்கானை ஓடவிடுங்கள். விண்டோஸ் தொடங்க முதலே அது தேடும் என்பதால் மறைந்திருப்பதையும் பிடிக்க வாய்ப்பு அதிகம், கால் மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் போமற் அடிக்கத்தான் வேண்டும், கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு.

கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் ரான்சம்வெயார் வந்தால்கூட அவசரப்பட்டு அழிக்காதீர்கள். ஸ்டொப் என்றும் டிஜேவியூ என்றும் அழைக்கப்பட்ட ஒரு வகை, பெரும்பாலும் உரிமம் இல்லாமல் ஓடும்படி உடைத்த கிராக் மென்பொருள்களோடுதான் வீட்டுக் கணினிகளுக்குள் வந்தது. 2019 இல் எம்சிசொஃப்ட் நிறுவனம் அதன் பல வகைகளுக்குப் பூட்டை அவிழ்க்கும் இலவச மென்பொருளை வெளியிட்டபோது, பூட்டிய கோப்புகளை ஒரு பக்கம் எடுத்துவைத்தவர்களில் பலருக்கு அவை திரும்பக் கிடைத்தன. போமற் அடித்தவர்களிடம் திறக்க ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த இடத்தில்தான். போமற் அடித்த பிறகு பல கடைகளில் போட்டுத் தருவது கிராக் விண்டோஸ். அதை உயிர்ப்பிக்கும் சிறு மென்பொருளை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால் முதல் வேலையாக டிஃபெண்டரை அணைக்கிறார்கள், அல்லது அந்தப் பக்கம் பார்க்காதே என்று விலக்குப் போடுகிறார்கள். காவலாளியைக் கட்டிவைத்துவிட்டு வீட்டைத் தருகிறார்கள், பிறகு சில மாதத்தில் திரும்ப "வைரஸ்", திரும்பப் போமற், திரும்பக் காசு. அசல் விண்டோஸ் விலை எங்கள் சம்பளத்துக்குப் பெரியது, அது எனக்கும் தெரியும். ஆனால் விண்டோஸோடு வாங்கிய லப்டொப்களில், விண்டோஸ் 8 காலத்திலிருந்து, உரிமத் திறவுகோல் மதர்போட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதே பதிப்பை மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து எடுத்துப் போட்டால் இணையத்தில் இணைந்ததும் தானே சரியாகிவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அசலை அழித்துவிட்டுக் கிராக் போட்டுத் தந்து, அதற்கும் கூலி வாங்குவது என்ன நியாயம்? இப்போது இதற்கு விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்ற காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஒக்ரோபர் 14 உடன் நின்றது அதன் வழமையான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள், அதனால் உங்கள் இணையம் நிற்காது. இணையம் வரவில்லை என்று கொண்டுபோனவரிடம் "10 முடிஞ்சுது, 11 போடுவம்" என்று சொல்வது வேறு கணக்கு.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. பற்றுச்சீட்டில் காசை மட்டும் எழுதாமல் என்ன பிழை கண்டீர்கள், என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். போமற் என்றால் முதலில் கோல் எடுத்துக் கேளுங்கள், கோப்புகள் வேண்டுமா என்று கேட்டுப் பிரதி எடுங்கள், அதற்குக் கூலி வாங்குங்கள், தருவோம். அக்கா வீட்டுக் கணினியில் இருந்தது எஸ்எஸ்டி என்ற புதிய வகைச் சேமிப்பகம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அழித்த பிறகும் ஓரளவு மீட்டுப் பார்க்கலாம், எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை அதுவே துப்புரவாக்கிவிடும், மீட்க அநேகமாக வழியில்லை. அந்தக் கடைத் தம்பிக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

வாசகர்களும் கணினியைக் கொடுக்கும்போது போமற் அடிக்க அனுமதி இல்லை என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள், திரையில் வரும் பிழைச் செய்தியைப் போனால் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது, ஏன் இப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது, நேரப் பிரச்சினையா, கூலி காணாதா என்று தங்கள் பக்கத்தையும் இதே பகுதியில் எழுதினால் வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோண்டாவில்.