ஆர்க்சி பூஜ்யமாகவும் வரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிப் பக்கத்தில் சி மொழி பற்றி எழுதியவர், நிரலைத் தொடங்கும்போது அதற்குத் தரப்படும் சொற்களின் எண்ணிக்கையான ஆர்க்சி (argc) பற்றி, 'ஆர்க்சி எப்போதும் குறைந்தது ஒன்று' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். தவறு. கட்டளை எழுதும் ஷெல்லில் தட்டினால் நிரலின் பெயர், அந்தச் சொற்களின் பட்டியலான ஆர்க்வி-யின் (argv) முதல் இடம் ஆர்க்வி[0]-இல் வந்து உட்காரும், சரி. ஆனால் லினக்ஸில் எண்ணிக்கை, அந்தச் சொற்களைக் காட்டும் சுட்டிகள், பட்டியல் முடிவைக் குறிக்கும் ஒரு நல் (NULL) சுட்டி, அப்புறம் சூழல் மாறிகள் (நிரலுக்குத் தரப்படும் அமைப்பு விவரங்கள்) என்று நினைவகத்தின் ஸ்டாக் பகுதியில் அடுக்கி வைப்பது இயங்குதளத்தின் மையமான கெர்னல். நிரலைத் தொடங்கும் எக்செக்வீ (execve) அழைப்புக்குக் காலிப் பட்டியலைக் கொடுத்தால் எண்ணிக்கை பூஜ்யம்தான், அப்போது ஆர்க்வி[1]-ஐப் படித்தால் கையில் சிக்குவது முதல் சூழல் மாறி. வேறு பயனரின் உரிமையில் கட்டளையை இயக்கும் பிகேஎக்செக் (pkexec) நிரலில் 2009 முதல் கிடந்து 2022 ஜனவரியில் வெளியே வந்த பாதுகாப்பு ஓட்டை இதுவேதான் (பன்னிரண்டு வருடத்துக்கு மேல்!). லினக்ஸ் 5.18 முதல் கெர்னலே காலிப் பட்டியலில் ஒரு வெற்றுச் சரத்தைப் போட்டுவிடுகிறது; மற்ற இடங்களில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் படிக்கிற பக்கம், ஒரு திருத்தம் போடுங்கள்.

– ஒரு சி நிரலாளர், திருச்சி