கடன அடைச்சிட்டு தான் வருவேன்னு சொன்ன புள்ளைக்கு

கண்ணு,

நேத்து நீ அனுப்சத அப்பா தூங்கினப்பறம் தான் படிச்சேன். அக்கா நகைய அடகு வெச்சு ஆன்லைன் ரம்மில விட்டத நீயே வாய தொறந்து சொல்லிட்டே, அதுவரைக்கும் சரி. ஆனா கடைசில ஒண்ணு எழுதியிருக்கே பாரு, எல்லா கடனையும் அடைச்சிட்டு தான் ஏற்காட்டுக்கு வருவேன், அப்பறம் தான் கோயிலுக்கும் போவேன், இப்ப எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு சாமி முன்னால நிக்கறதுன்னு, நகை போனத விட அது தான்டா எனக்கு தூக்கத்த கெடுத்துச்சு. காய்ச்சல் விட்டப்பறம் ஆஸ்பத்திரிக்கு போறேங்கற மாதிரி இருக்கு.

ஏசுவ காசுக்கு காட்டிக்குடுத்த யூதாசு கூட காசை திருப்பி குடுத்தான்டா. பைபிள்ல மத்தேயு 27ல இருக்கு, எடுத்து படி. 30 வெள்ளிக்காசையும் கொண்டு போய் தலைமை குருங்க கிட்ட நீட்டி, குத்தமில்லாதவர காட்டிக்குடுத்துட்டேன், பாவம் பண்ணிட்டேன்னு சொன்னான், அவங்க அதுக்கு எங்களுக்கென்னன்னு கைய விரிச்சிட்டாங்க, இவன் காசை கோயில்லயே வீசிட்டு போய் நாண்டுகிட்டான். வருத்தப்பட்டான், ஒத்துகிட்டான், பணத்தையும் குடுத்தான், நீ என்னென்ன செய்யணும்னு நெனைக்கறியோ அத்தனையும் செஞ்சான். போய் நின்ன எடம் தான் தப்பு. இன்னொரு சீடன் பேதுரு மட்டும் என்ன யோக்கியமா, நெருப்பு காய்ஞ்சுகிட்டே மூணு வாட்டி ஏசுவ தெரியவே தெரியாதுன்னான், ஆனா அழுதப்பறம் மத்த சீடருங்க கூடவே தான் இருந்தான், அப்பறம் ஏசு கரையில நிக்கறார்னு கேட்டதும் படகு கரைக்கு வர்ற வரைக்கும் கூட பொறுக்காம தண்ணில குதிச்சான். அங்கயும் கரி நெருப்பு போட்டு மீன் சுட்டு வெச்சிருக்கார் ஏசு. சாப்ட்டு முடிச்சப்பறம் தான் கேக்கறார், அதுவும் ஏன்டா அப்படி சொன்னேன்னு இல்ல, எம்மேல அன்பு இருக்கான்னு மூணு தடவை. அந்த எடம் வந்தா பூசைல எப்பவும் எனக்கு கண்ணு கலங்கிரும், உங்கப்பா கிண்டல் பண்ணுவாரு.

வரி வசூல் பண்ணிகிட்டிருந்த சக்கேயுவ பாரு. இன்னிக்கு உன் வீட்ல தங்கணும், சீக்கிரம் எறங்கி வான்னு ஏசு கூப்ட்டப்ப அவன் யாருக்கும் ஒரு பைசா திருப்பி குடுக்கல, அவர பாக்கறதுக்கு ஏறி மரத்து மேல தான் உக்காந்திருந்தான். அவர் வீட்டுக்கு வந்தப்பறம் தான் பாதி சொத்து ஏழைங்களுக்கு, ஏமாத்துனது நாலு மடங்கா திருப்பி தர்றேங்கறான். தானா ஒத்துகிட்டவன் எடுத்ததோட அஞ்சுல ஒரு பங்கு சேத்து குடுத்தா போதும்னு தான் பழைய சட்டத்துல இருக்கு, நாலு மடங்குங்கறது ஆட்ட திருடி அறுத்தவனுக்கு. இவன யாரும் கேக்கவே இல்ல, மனசு நெறஞ்சு போய் குடுக்கறான். நீ இத தலைகீழா பண்ண பாக்கறே.

அதுக்காக ஃபாதர்கிட்ட பாவத்த சொல்லி சங்கீர்த்தனம் பண்ணியாச்சு, நகைக்கணக்கு முடிஞ்சுதுன்னு நெனச்சிராதே, திருடுன பொருள திருப்பி குடுக்கறதும் பரிகாரம் தான்னு எந்த ஃபாதரும் சொல்வார். அடுத்தவன் பொண்டாட்டிய எடுத்துகிட்ட தாவீது ராஜாவ ஆண்டவர் மன்னிச்சிட்டார்னு இறைவாக்கினர் நாத்தான் சொன்ன அதே வாயால தான் அவனுக்கு பொறந்த புள்ள செத்துரும்னும் சொன்னார். அக்கா ரொம்ப நாளைக்கு மூஞ்சி குடுத்து பேசாம இருக்கலாம், அத தாங்கிக்கணும். தங்கம் விக்கற வெலைக்கு மொத்தமா சேத்து வெச்சு குடுக்கறேன்னு உக்காந்தா நீ கெழவன் ஆயிருவே, மாசாமாசம் சம்பளம் வந்ததும் முடிஞ்சத அவ அக்கவுண்ட்ல போடு.

உங்க அம்மாயி நல்ல சங்கீர்த்தனத்துக்கு அஞ்சு காரியம் சொல்லி குடுத்தது ஞாபகம் இருக்கா? பண்ண பாவத்த நெனச்சு பாக்கற ஆத்தும சோதனை, அதுக்கு வருந்தற மனஸ்தாபம், இனிமே பண்ண மாட்டேங்கற பிரதிக்கினை, சங்கீர்த்தனம், ஃபாதர் சொல்ற பரிகாரத்த செய்யற அபராதம். மனஸ்தாபம் உங்கிட்ட தேவைக்கு மேலயே இருக்கு. பிரதிக்கினைல தான் எனக்கு சந்தேகம், இனிமே பண்ண மாட்டேன்னு சொல்றவன் போன்ல அந்த ஆப்பை ஏன் வெச்சிருக்கான்? முதல்ல அத தூக்கு, லோன் ஆப்பையும் பாத்து சொல்லு, ஏதாவது இருந்தா அப்பாகிட்ட மறைக்க வேண்டாம், கத்துவாரு, கத்தட்டும்.

தவக்காலம் ஓடிகிட்டு இருக்கு, குருத்து ஞாயிறுக்கு முன்ன வா. மழ பேஞ்சு காப்பி பூத்து கெடக்கு, எஸ்டேட்ல அப்பாவுக்கு லீவு கேக்கறது கஷ்டம், இல்லன்னா நாங்களே வந்திருப்போம். நம்ம ஊரு ஃபாதர் உன்ன சின்னதுல இருந்து பாத்தவரு, அவர்கிட்ட சொல்ல கூச்சமா இருந்தா பெங்களூர் பஸ்ல சேலத்துல எறங்கினதும் நாலு ரோட்டுக்கு போய் குழந்தை இயேசு பேராலயத்துல எந்த ஃபாதர்கிட்டயாவது பண்ணு, அங்க உன்ன யாருக்கும் தெரியாது, யார்கிட்ட சொன்னாலும் அது வெளிய வராது, உயிர் போனாலும் அவங்க சொல்லக்கூடாது. எல்லாத்தையும் கோர்வையா சொல்ல வரலன்னா பாவ மன்னிப்பு கேக்கற 51வது திருப்பாடல ஒரு வாட்டி படிச்சிட்டு உள்ள போ. உத்தம மனஸ்தாப மந்திரம் மறந்திருந்தா சொல்லு, எழுதி அனுப்பறேன்.

அப்பறம் மேல வர்ற பஸ் ஏறு. அக்காகிட்ட நான் எதுவும் சொல்லி வெக்க மாட்டேன், அவகிட்ட நீ தான் பேசணும், அவ வீட்டுக்காரர் இல்லாத நேரமா பாத்து.

அம்மா