ஹெலனம்மாவின் கணக்குப் பேரேடு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து 99ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது எடுத்தது என்று எழுதியிருந்தாய். கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைக் கொடிகள். டெலானோ என்ற ஊர்ப்பலகையைப் பார்த்ததும் ஹெலன் சாவேஸைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நீ இப்போது இருக்கும் பேக்கர்ஸ்ஃபீல்டில்தான் 2016 ஜூன் 6ஆம் தேதி, 88ஆவது வயதில் அந்த அம்மா காலமானார். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும்.

சீசர் சாவேஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர். அவருடைய மனைவி ஹெலனம்மா. கணவருக்குப் பின்னால் நின்றவர் என்று ஒரே வரியில் இவரை முடித்துவிடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. எட்டுப் பிள்ளைகளையும் வளர்த்து, கூலிக்கும் போய், சங்கத்தின் பணத்தையும் பார்த்துக்கொண்டவர் எப்படிப் பின்னால் நின்றவர் ஆவார்?

1928 ஜனவரியில் பிறந்தவர். ஊர் பிராலி. மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில், இம்பீரியல் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். ஓடியாடும் வயதிலேயே வயல் வேலை. அப்பா சீக்கிரமே போய்விட, குடும்பத்தைப் பார்க்க உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் நிறுத்தினார். 1948இல் கல்யாணம், வரிசையாகப் பிள்ளைகள்.

1962ஐத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அப்போது அவர்கள் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தார்கள். ஒரு சமூக அமைப்பில் சீசருக்கு நல்ல பொறுப்பு, மாதம் பிறந்தால் சம்பளம். அதை விட்டுவிட்டு டெலானோவுக்குப் போய்ச் சங்கம் தொடங்குவோம் என்கிறார். கையில் இருப்பது கொஞ்சம் சேமிப்பு, வீட்டில் எட்டுக் குழந்தைகள். இந்த அம்மா சரி என்றார். அப்புறம் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? அவர் ஊர் ஊராகப் போய்த் தொழிலாளிகளைப் பார்த்துப் பேச, இவர் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். வயலில் வளர்ந்தவர், அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தே திரும்பப் போனார்.

அந்த வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பார். கோடையில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்று நீயே சொல்கிறாய். கொடிக்கு அடியில் குனிந்து, நிறம் பார்த்து, பழுத்த கொத்தை மட்டும் கத்தரித்து எடுக்க வேண்டும். அழுகின பழத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சம் நசுங்காமல் பெட்டியில் அடுக்க வேண்டும். நோய் வராமல் இருக்க இலைமேல் தூவிய கந்தகத் தூள் கண்ணை எரிக்கும். அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் கழிப்பறையே கிடையாது. பெண்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எட்டுப் பேருக்குச் சமையல். சங்கத்தின் முதல் செலவு இந்தப் பெண்ணின் கூலியில் நடந்தது என்று நான் சொல்வேன், நீயும் யாரிடமாவது சொல்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சங்கம் தொழிலாளிகளுக்கு ஒரு கடன் சங்கம் தொடங்கியது. வங்கிகள் பண்ணைக் கூலிகளை மதிப்பதில்லை. அவசரம் என்றால் அதிக வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். சீசரின் தம்பி ரிச்சர்ட் தன் வீட்டை அடமானம் வைத்து முதல் பணம் கொடுத்தார். கணக்கு எழுதும் பொறுப்பு ஹெலனம்மாவிடம் வந்தது. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், வேலையில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தினார். ஏழைக் கூலிகள் போட்ட சிறு தொகைகளிலிருந்து தொடங்கி, மொத்தம் சுமார் 2 கோடி டாலர் கடன் அவர்களுக்கே திரும்பப் போனது.

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்தவள் நான். கடன் கேட்டு வந்தவர் கவுன்ட்டருக்கு முன்னால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். முதலில் மழையைப் பற்றிப் பேசுவார், அப்புறம் மாட்டைப் பற்றி. கடைசியில்தான் எவ்வளவு வேண்டும் என்பது வெளியே வரும். இல்லை என்று சொன்னால் மறுநாள் அவரைச் சந்தையில் பார்க்க வேண்டும். சரி என்று சொன்னால், தவணை தவறும்போது நாம்தான் போய்க் கேட்க வேண்டும். சாயங்காலம் ரொக்க இருப்பும் நாள்வழியும் ஒன்றாக வராவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. டெலானோ ஒரு சின்ன ஊர். அதில் வேலைநிறுத்தத்தில் இருக்கிறவர்களுக்கு, அதாவது வருமானமே இல்லாதவர்களுக்கு, அவர்களைப் போன்ற ஏழைகளின் பணத்தை எடுத்துக் கடன் கொடுப்பது லேசான காரியமா? ஒரு தொகை தவறினாலும் சங்கத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். அந்தப் பேரேட்டை அத்தனை வருஷம் கட்டிக் காத்தவர் இவர்.

கணக்கு மட்டும்தான் எழுதினார் என்று நினைத்துவிடாதே. 1965 செப்டம்பர் 8ஆம் தேதி, டெலானோவில் ஃபிலிப்பினோ தொழிலாளிகள் லாரி இட்லியோங் தலைமையில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். மெக்சிகோக்காரர்கள் அதிகம் இருந்த சீசரின் சங்கம் அதில் சேருவதா வேண்டாமா என்று யோசித்தது. இன்னும் தயாராகவில்லை, பணமும் இல்லை என்ற பயம். அப்போது ஹெலனம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: நாம் ஒரு சங்கமா, இல்லையா? கஜானாவில் எவ்வளவு இருக்கிறது என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் கேட்ட கேள்வி அது. செப்டம்பர் 16ஆம் தேதி, மெக்சிகோ சுதந்திர தினத்தன்று, குவாதலூப்பே மாதா கோயிலில் கூட்டம் போட்டு ஓட்டெடுத்து அவர்களும் இறங்கினார்கள். டெலானோவின் திராட்சை முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட 1970 ஜூலை வரை ஆனது.

அந்த 1965 அக்டோபரிலேயே, வேலைநிறுத்தம் என்று பொருள்படும் 'வெல்கா' என்ற சொல்லைத் தோட்ட ஓரத்தில் கத்தக் கூடாது என்று காவல்துறை தடை போட்டது. வேண்டுமென்றே போய்க் கத்தி 44 பேர் கைதானார்கள். அதில் இவரும் ஒருவர். எட்டுப் பிள்ளைகளின் தாய் சிறைக்குப் போகிறார்! வீட்டில் அன்றைக்கு யார் சமைத்தார்கள், சின்னவர்களுக்கு என்ன சொன்னார்கள் என்றுதான் என் மனம் போகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா வீட்டில் இருந்த நாள் குறைவு. குடும்பம் கொடுத்த விலை பெரியது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மேடை என்றால் ஒதுங்கிவிடுவார், பேட்டி கொடுப்பதும் அபூர்வம். 1993இல் சீசர் இறந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை அவருக்காக வெள்ளை மாளிகைக்குப் போய் கிளின்டன் கையால் வாங்கியது இந்த அம்மாதான். 2012இல் அவர்கள் வாழ்ந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக்க ஒபாமா வந்தபோதும் கூடவே நின்றார். இறக்கும்போது 31 பேரப்பிள்ளைகள், 16 கொள்ளுப்பேரர்கள். அத்தனை பேரும் சுற்றி இருக்க, நடுவில் அவர் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு நிறைவாக இருக்கிறது.

கண்ணு, அந்த நினைவிடம் கீன் என்ற இடத்தில் இருக்கிறது. உன் ஊரிலிருந்து 58ஆம் நெடுஞ்சாலையில் டெஹாச்சப்பி மலைப் பக்கம் போக வேண்டும், 30 மைல்தான். ஹெலனம்மாவையும் அங்கேதான் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். லீவு கிடைக்கும்போது ஒரு நாள் போய்விட்டு வா. பூ வாங்கிக்கொண்டு போ. உள்ளே காட்சிக்கு வைத்திருப்பதில் பழைய கடன் சங்கக் கணக்குப் பக்கம் ஏதாவது இருந்தால், அனுமதி கேட்டுத் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்பு. அவர் கையெழுத்து எனக்குப் பார்க்க வேண்டும். வரவு எந்தப் பக்கம் எழுதினார், அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாரா என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வெயிலில் தண்ணீர் இல்லாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
அம்மா