பம்படிக்கு முன்னால் 33 நாள்

கோபி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மிணிக்கு,

பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் நாளைக் காலை பார்சல் போடுகிறேன். இந்தக் கடிதமும் அதற்குள்ளேயே இருக்கும். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ அழ ஆரம்பித்தால் எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது; கடைசியில் "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். எழுதினால் அந்தத் தொந்தரவு இல்லை.

புதன்கிழமை நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. ஐந்து மாதமாக உன்னிடம் படிக்கும் அந்தப் பையனுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன் டம்ளரைத் தொட்டுப் பார்க்க வைக்கிறாய். குளிக்கக் கூட்டிப்போகும் முன் துண்டைக் கையில் கொடுக்கிறாய். அவன் இரண்டையும் வாங்கி வீசுகிறான். போன வாரம் முழங்கையில் கடித்தும் விட்டான். "கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. அவனுக்குள்ளே எந்த வழியாம்மா போறது? நான் இதுக்கு லாயக்கில்லை" என்றாய்.

லாயக்கா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. 31 வருஷம் பாடம் நடத்திய எனக்கே என்னைப் பற்றிய அந்தச் சந்தேகம் தீரவில்லை. நான் எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்காக. உனக்கு ஒரு கதையை அரைகுறையாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான்காம் வகுப்பில் நீ என்னிடம்தான் படித்தாய். கண்ணும் காதும் இல்லாத ஹெலன் கெல்லர் கதை சொல்லும்போதெல்லாம் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டி, ஒரு கையில் பானைத் தண்ணீரை ஊற்றி, இன்னொரு உள்ளங்கையில் விரலால் "தண்ணீர்" என்று கோடு போட்டு எழுதுவேன். அந்த வருஷம் உன்னைத்தான் கூப்பிட்டேன். "குளுருதும்மா" என்றாய். வகுப்பில் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உனக்கு உத்தரவு போட்டிருந்தேன், அதனால் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டீச்சர் தண்ணீர் ஊற்றினார், குழந்தைக்குப் புரிந்துவிட்டது, எல்லோரும் கை தட்டுங்கள். அத்தோடு மணி அடித்துவிடும்.

ரிட்டயர் ஆன பிறகுதான் அந்த டீச்சர் கைப்பட எழுதிய கடிதங்களைப் படித்தேன். ஹெலனின் சுயசரிதை 1903ல் புத்தகமாக வந்தபோது அதன் பின்பகுதியில் அவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். பாஸ்டனில் தன்னை மகள் மாதிரிப் பார்த்துக்கொண்ட ஒரு அம்மாவுக்கு எழுதியவை. படித்துவிட்டு ஒரு வாரம் எனக்கு வெட்கமாக இருந்தது. முதலில், கோடு போட்டு எழுதியதே தப்பு. ஒவ்வொரு எழுத்துக்கும் விரல்களை ஒரு விதமாக மடக்கி, அந்த வடிவத்தை அடுத்தவர் உள்ளங்கையில் வைத்துத் தொட்டறியச் செய்வதுதான் அவர்கள் முறை. அது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த டீச்சர் ஆன் சல்லிவன், கூப்பிடும் பெயர் ஆனி. அவள் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற சின்ன ஊரில் போய் இறங்கியது 1887 மார்ச் 3. வயது 20. உன்னைவிட நான்கு வயது சின்னவள். ஹெலனுக்கு ஏழு வயது நிறைய இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. பம்படியில் தண்ணீர் கையில் விழுந்து ஹெலனுக்குப் புரிந்த அந்தச் சம்பவம் நடந்தது ஏப்ரல் 5. இடையில் 33 நாள். நான் வகுப்பில் ஒரே மூச்சில் தாண்டிப்போன 33 நாள்.

போன புதிதிலேயே ஹெலன் அடித்த அடியில் ஆனிக்கு ஒரு பல் போனது. இன்னொரு தடவை அவளை மாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை ஒளித்துவிட்டாள். கெல்லர் ஐயா வெளியே ஏணி போட்டு, வந்த டீச்சரை ஜன்னல் வழியாக இறக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டில் ஹெலன் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வந்து எல்லோர் தட்டிலும் கைவிட்டு அள்ளுவாள். யாரும் எதுவும் சொல்வதில்லை. பாவம், குருட்டுக் குழந்தை. ஆனி தன் தட்டில் கைவைக்க விடவில்லை. வீட்டாரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்பூனைக் கையில் கொடுக்க, அது கீழே விழ, எடுக்க வைக்க, மறுபடி விழ. சாப்பிட்டு முடித்ததும் துணியை மடித்து வைக்கச் சொன்னதற்கு இன்னும் ஒரு மணி நேரம் சண்டை. எல்லாம் முடிந்து ஆனி மாடிக்குப் போய்க் கட்டிலில் விழுந்து நன்றாக அழுதாள். அவளே எழுதியிருக்கிறாள். அழுததும் பரவாயில்லை என்று இருந்ததாம்.

அப்புறம் ஒன்று செய்தாள். அப்பா அம்மா பக்கத்தில் இருந்தால் வேலை நடக்காது என்று, தோட்டத்தில் இருந்த சின்ன வீட்டுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு ஊருக்குப் போகிறோம் என்று ஹெலன் நினைக்கட்டும் என்று வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அங்கே ஏறக்குறைய இரண்டு வாரம். அந்த வீட்டில்தான் ஹெலன் அடங்கி உட்கார்ந்து நூல் பின்ன ஆரம்பித்தாள். ஒரு நாள் அப்பாவோடு அவர்கள் வீட்டு நாய் வந்தது. ஹெலன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதன் பாதத்தைப் பிடித்து நகங்களை மடக்கிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாள் என்று ஆனிக்கு முதலில் புரியவில்லை. பொம்மை என்ற வார்த்தையை நாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறாள்! இந்த இடத்தை நான் மூன்று தடவை படித்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். மார்ச் 31ல் ஆனி கணக்குப் பார்க்கிறாள்: ஹெலனுக்கு 18 பெயர்ச்சொல்லும் 3 வினைச்சொல்லும் வருகிறது. அந்தப் பதினெட்டில் "தண்ணீர்" என்பதும் இருக்கிறது, அம்மிணி. பம்படிக்கு ஐந்து நாள் முன்பே அந்த எழுத்துகள் அவள் விரலில் இருந்தன. ஆனால் அது ஒரு பெயர் என்று தெரியாது. டம்ளரும் அதிலிருக்கும் பாலும் அவளுக்கு ஒன்றோடொன்று குழம்பின. விரலை இப்படி மடக்கினால் கேக் கிடைக்கும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. பம்புத் தண்ணீர் கையில் விழுந்தபோது புது வார்த்தை எதுவும் வரவில்லை. ஏற்கனவே தெரிந்த அசைவுக்கு அர்த்தம் வந்தது. அன்று சில மணி நேரத்தில் 30 புது வார்த்தைகள் கற்றுக்கொண்டாள்.

உன் பையன் வீசுகிற டம்ளரை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் 33 நாள், ஐந்து மாதம் என்று தராசில் வைத்துப் பார்க்காதே. ஹெலனுக்குக் காய்ச்சல் வந்தது 19 மாதத்தில். அதுவரை பார்த்தாள், கேட்டாள், தண்ணீருக்கு மழலையில் ஒரு சொல்லும் வைத்திருந்தாள். ஆனி வருவதற்கு முன்பே அவளுக்கென்று பல சைகைகள் இருந்தன: ரொட்டி வேண்டுமென்றால் அறுத்து வெண்ணெய் தடவுவது போல் காட்டுவாள், ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் குளிரில் நடுங்குவது போல் காட்டுவாள். உன் பையன் பிறந்ததிலிருந்தே இப்படி என்றாய். அவனுக்கு நீதான் முதல் சைகை. ஹெலனைக் காட்டி உன்னை யாராவது கேள்வி கேட்டால் இதைச் சொல்.

பம்படிக்குப் பிறகு ஆனி செய்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அந்த வீட்டில் ஹெலனுக்கு ஒரு குட்டி உறவுக்காரக் குழந்தை இருந்தது, 15 மாதம். அதை ஆனி கவனித்துக்கொண்டே இருந்தாள். அதற்கு யாரும் மணி அடித்துப் பாடம் நடத்துவதில்லை. எல்லோரும் அதனிடம் முழு முழு வாக்கியமாகப் பேசுகிறார்கள், அதுவும் பேசுவதற்கு முன்பே புரிந்துகொள்கிறது. சரி, குழந்தையின் காதில் பேசுவது மாதிரி ஹெலனின் கையில் பேசுகிறேன் என்று முடிவு செய்து, நேரம் போட்டு நடத்திய பாடங்களை மூட்டை கட்டிவிட்டாள். கோழிக்குஞ்சு ஓட்டை உடைப்பதை ஹெலன் கையில் முட்டையை வைத்தே தொட்டறிய வைத்தாள். பி.எட். படித்தவள் இல்லை அவள். இது எப்படி அவளுக்குத் தோன்றியது என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். தொட்டில் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், வேறென்ன.

நான் பார்க்கவில்லை. உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் என் வகுப்பில் ஒரு பிள்ளை. கேட்டால் பதில் வராது, கூப்பிட்டால் திரும்பாது. கவனமில்லாத பிள்ளை என்று கடைசி பெஞ்சில் போட்டேன். எட்டு மாதம். ஒரு நாள் பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமல் அவள் பெயரைச் சொன்னேன். வகுப்பு முழுக்கத் திரும்பியது, அவள் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது சரியாகக் கேட்காத பிள்ளையை என் குரலிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி உட்கார வைத்திருந்தேன். முன் பெஞ்சுக்கு மாற்றினேன். அடுத்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நீ சிறப்பாசிரியர் படிப்புக்குப் போகிறேன் என்றபோது அப்பா "கஷ்டமான வேலை, வேண்டாம்" என்றார், நான் வாயைத் திறக்கவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? இதனால்தான்.

ஆனி எங்கிருந்து வந்தாள் என்பதையும் நான் வகுப்பில் சொன்னதில்லை. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஐந்து வயது வாக்கில் டிரக்கோமா என்ற கண் நோய். எட்டு வயதில் அம்மா போய்விட்டாள், அப்பா கைவிட்டார். 1876ல் அவளையும் கால் ஊனமான தம்பி ஜிம்மியையும் மாசசூசெட்ஸில் டியூக்ஸ்பரி என்ற ஊரின் ஏழைகள் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சில மாதத்தில் தம்பி அங்கேயே செத்துப்போனான். 1880ல் பெரிய மனிதர்கள் சோதனைக்கு வந்தபோது, கண் சரியாகத் தெரியாத அந்தப் பெண், அவர்கள் நின்ற பக்கம் ஓடி "எனக்குப் பள்ளிக்கூடம் போகணும்" என்று கத்தினாள். பாஸ்டனில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தபோது வயது 14, தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஆறு வருஷத்தில் வகுப்பில் முதலாக வந்தாள். வாய்த்துடுக்கும் கோபமும் மட்டும் குறையவே இல்லை.

அதே பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்ற அம்மா இருந்தார். ஹெலனுக்கு 50 வருஷம் முன்பே, 1837ல், கண்ணும் காதும் இல்லாத குழந்தையாக அங்கே வந்தவர். பள்ளியின் தலைவர் டாக்டர் ஹோவ், ஸ்பூன், சாவி போன்ற சாமான்களில் மேடு எழுத்தில் பெயர் ஒட்டி அவருக்கு மொழி கற்றுக்கொடுத்தார். உன் டம்ளரும் துண்டும் அந்த வழியில் வந்தவைதான். ஒரு காலத்தில் லாராவைப் பார்க்க ஊரே திரண்டது. அப்புறம் உலகம் மறந்துவிட்டது, அவர் அங்கேயே வயதாகிக்கொண்டிருந்தார். அவரோடு பேசுவதற்காகத்தான் ஆனி விரல் எழுத்தைக் கற்றுக்கொண்டாள். ஹெலனுக்கு ஆனி கொண்டுபோன பொம்மைக்குச் சட்டை தைத்ததும் லாராதான். ஹெலன் பேரை உலகமே சொல்கிறது. லாரா பேரை நான் 31 வருஷத்தில் ஒரு தடவைகூட வகுப்பில் சொல்லவில்லை.

இனி சொல்லப்போவது அம்மாவாகச் சொல்வது. ஆனியைப் போல இரு என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன்.

அவள் ஹெலனோடு 49 வருஷம் இருந்தாள். ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் படித்த நான்கு வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்து பேராசிரியர் சொல்வதைக் கையில் எழுத்துக் கூட்டினாள். இரவில், பிரெய்லில் இல்லாத புத்தகங்களைத் தன் கெட்டுப்போன கண்ணால் மணிக்கணக்கில் படித்துச் சொன்னாள். 1904ல் பட்டம் ஹெலனுக்குக் கிடைத்தது. 1905ல் ஆனி ஜான் மேசி என்பவரைக் கல்யாணம் செய்தாள், அது பத்து வருஷம்கூட நிற்கவில்லை. இருவரும் அப்படி ஒட்டிக்கிடந்ததால் எது யாருடைய சொல் என்ற சந்தேகம் வேறு. ஹெலன் 11 வயதில் எழுதிய ஒரு கதை, முன்பு யாரோ கையில் படித்துச் சொன்ன கதையின் சாயலில் இருந்தது. பெர்கின்ஸில் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து, டீச்சரை வெளியே அனுப்பிவிட்டு அந்தக் குழந்தையைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அதற்குப் பிறகு ஹெலன் கற்பனைக் கதையே எழுதவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது.

1916ல் ஹெலனுக்கு ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை வந்தது. வீட்டார் விடவில்லை. 1929ல் ஆனியின் ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். கடைசிக் காலத்தில் அவளுக்கும் பார்வை இல்லை. 1936 அக்டோபரில் இறந்தாள். ஆனி போனால் ஹெலன் முடங்கிப்போவாள் என்று நினைத்தவர்கள் உண்டு. ஹெலன் 1968 வரை இருந்தார். 74 வயதில், 1955ல், நம் நாட்டுக்கும் வந்து நேருவின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு ஆனியின் ஞாபகம்தான் வருகிறது. தான் இல்லாமலும் நடக்கும்படி ஆளாக்கிவிட்டுப் போயிருக்கிறாள். ஆனால் அதற்கு அவள் கொடுத்த விலையை என் மகள் கொடுக்க வேண்டாம். சனிக்கிழமை மத்தியானமானால் பையை எடுத்துக்கொண்டு விடுதியை விட்டு வெளியே போ. பஸ் ஏறு, ஐஸ்கிரீம் சாப்பிடு. பொங்கலுக்கு நான்கு நாள் லீவு போடு. அவனுக்கு இன்னொரு டீச்சர் கையும் பழகட்டும்.

வேலையை விடுவதா வேண்டாமா என்பது உன் முடிவு. விட்டால் அப்பா ஏதாவது சொல்வார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். விடும் முன் ஒரு நாள் மட்டும் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து, அவன் கை எங்கெங்கே போகிறது என்று பார்த்து எனக்கு எழுது. டம்ளரை வீசிய பிறகு தேடுகிறானா? தண்ணீர் வருவதற்கு முன்னால் வீசுகிறானா, குடித்த பிறகா? தாகம் இல்லாதபோது கொடுத்தால் என்ன செய்கிறான்? எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

எள்ளுருண்டை இரண்டு டப்பா இருக்கிறது. சின்ன டப்பா அவனுக்கு. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது என்றாயே, அதனால் கொஞ்சம் இளம்பாகாக எடுத்துப் பிடித்திருக்கிறேன், கடிக்க வேண்டியதில்லை, வாயில் கரையும். கடித்த இடத்துக்கு மருந்து போட்டாயா?

அம்மா